ரவோனா காலியாக விட்ட கட்டம்

ரவோனா ஸ்டிதமை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. அன்று பாதிரியார் அவளைப் பற்றிப் பேசும்போது "உழைப்பாளி" என்ற சொல்லை நான்கு தடவை சொன்னார். மூன்றாவது தடவையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்துப் பின்வரிசையிலிருந்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், நலத்துறை அலுவலகம் அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வாரத்துக்கு நீ செய்யும் வேலை பூஜ்யம் மணி நேரம் என்று அதில் அச்சடித்திருந்தது. பிற்காலத்தில் அவள் மருத்துவமனையில் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம், "பூஜ்யம் பேசறேன்டீ" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தக் கேலி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு மட்டும் தெரியும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ரவோனா இந்த மலையில் பிறந்தவள். அவள் அப்பா டெல்மஸ் ஸ்டிதம் முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். கடைசி நான்கு வருடம் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு வராது. அவரைப் பார்த்துக்கொண்டது ரவோனாதான். தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தொழிற்சாலை மூடிக்கொண்டு தெற்கே எங்கோ போனது. அடுத்த பிப்ரவரியில் அவள் கணவன் டென்னசிக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, அவன் திரும்பி வரவில்லை. அவள் அப்பாவின் பெயரையே மறுபடி வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மகன் டஸ்டிக்கு எட்டு, மகள் ஷெல்பிக்கு ஆறு.

அப்படித்தான் நலத்துறையின் உதவித்தொகைக்கு வந்தாள். அதை வாங்க அவள் எவ்வளவு கூசினாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே அலுவலகம்தான் அவளை எங்கள் சமுதாயக் கல்லூரியில் சேர்த்தும் விட்டது. மூச்சுச் சிகிச்சைப் படிப்பு, இரண்டு வருடம். நான் அங்கேதான் அவளைச் சந்தித்தேன். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர், எதற்காக இந்தப் படிப்பு என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லோரும் மக்களுக்கு உதவ வேண்டும் என்றோம். ரவோனா, "எங்கப்பாவுக்கு மாட்டின மாஸ்க்கு எல்லாமே லூசா இருந்துச்சு. யாருக்கும் சரியா மாட்டத் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

என் கணவனுக்கு அப்போது நெடுஞ்சாலைத் துறையில் வேலை இருந்தது. அதனால் எனக்கு எந்தத் தாளும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. ரவோனாவுக்கு இருந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தாளில் எழுதி, மேலே இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று வகுப்பு, மற்றொன்று வேலை. முதல் வருடம் முழுக்க வகுப்பிலேயே முப்பது மணி நேரத்தைக் கழித்துவிடலாம். இரண்டாம் வருடம் அப்படி இல்லை. முப்பதில் குறைந்தது இருபது மணி நேரம் வேலையாக இருக்க வேண்டும். வகுப்பை அதற்கு மேலேதான் சேர்ப்பார்கள்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு வகுப்பு ஒன்பது மணி நேரம்தான். மீதி மருத்துவமனையில். வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு எட்டு மணி நேரம். காலை ஆறே முக்காலுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஐந்தரைக்கே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பராமரிப்பு வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கான செலவை நலத்துறை கொடுத்தது. ரவோனா தூங்கும் ஷெல்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, டஸ்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, என் காரில் ஏறுவாள். பிஸ்கட்டும் கிரேவியும் ஒரு டப்பாவில் இருக்கும். ஆளுக்குப் பாதி. நாற்பது நிமிட மலைப்பாதை. அவள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், நான் ஓட்டுவேன்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை. காரில் ஏறியவள் டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு கவரை என் மடியில் வைத்தாள்.

"படி."

"வண்டி ஓட்டறேன்டீ. நீயே படி."

"நான் நேத்துலருந்து படிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ படி."

ஆற்றோரம் வண்டியை நிறுத்திப் படித்தேன். பத்து வாரமாக வேலை என்ற கட்டத்தில் எதுவும் இல்லை என்றும், ஆகவே இந்த மாதக் கடைசியோடு உதவித்தொகையும் பிள்ளைகளின் பராமரிப்புச் செலவும் நிற்கும் என்றும் இருந்தது. தொடர வேண்டுமானால் அலுவலகம் சொல்லும் இடத்தில் வாரம் முப்பது மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் விசாரணை கேட்கலாம்.

"நேத்து பன்னெண்டு பேருக்கு நெபுலைசர் வச்சேன்" என்றாள் ரவோனா. "ஒருத்தருக்கு நெஞ்சுல தட்டித் தட்டிச் சளி எடுத்தேன். என் கை இன்னும் வலிக்குது. பூஜ்யமாம்."

"கட்டத்துல ஏன்டீ எழுதல?"

அவள் கவரை என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"மருத்துவமனை நேரத்தை எங்க எழுதின?"

"வகுப்புன்னு எழுதினேன். முப்பத்து மூணு. எல்லாத்தையும் வகுப்புலயே."

மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. படிப்பு முடிய ஆறு மாதம் இருந்தது. பராமரிப்பு வீடு இல்லையென்றால் அவளால் காலை ஆறே முக்காலுக்கு மருத்துவமனையில் நிற்க முடியாது. நின்றால் மட்டும்தான் சான்றிதழ். அவ்வளவுதான் விஷயம். வேறு எதையும் எங்களில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவளோடு நானும் நலத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அவளுடைய கோப்பைப் பார்த்துக்கொண்டவர் க்ளென்னா டாக்கெட். எங்கள் கவுண்டியில் பாதிப் பேருக்கு அவர்தான் கோப்பு பார்த்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த அவருடைய தலை மட்டும்தான் தெரியும், அவ்வளவு காகிதம். அவர் பத்துத் தாள்களையும் வரிசையாகப் பரப்பினார்.

"இங்க பாரு கண்ணு. வேலை, காலி. வேலை, காலி. இதுவும் காலி. கம்ப்யூட்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் சும்மா இருக்கலையே, மிஸ் க்ளென்னா."

"சும்மா இருந்தேன்னு நான் சொல்லல. ஆஸ்பத்திரியில இருந்த இருபத்து நாலு மணி நேரத்தைத் தூக்கி இந்தக் கட்டத்துல போட்டிருந்தா இந்தக் கடிதமே வந்திருக்காது. ரூல்ல இருக்கு. மேல ஒருத்தர் நின்னு பார்த்துக்கிற பயிற்சி வேலையில சேரும்."

"அங்க எனக்கு யாரும் சம்பளம் தர்றதில்ல."

"தெரியும்."

"சம்பளம் இல்லாதத வேலைன்னு எழுதச் சொல்றீங்களா?"

க்ளென்னா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நீ டெல்மஸோட பொண்ணுதானே" என்றார். "கேட்டிருக்கவே வேண்டாம்."

எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவள் அப்பா காலத்துப் பெரிய ஸ்ட்ரைக் பதினொரு மாதம் நடந்தது. அந்தப் பதினொரு மாதமும் டெல்மஸ் சுரங்க வாசலில் நின்றார். அப்போது உள்ளே போய் வேலை செய்த கருங்காலிகளின் பெயரை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்பதுபோல் சாதாரணமாக அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: கூலியில்லாமல் ஒரு சுத்தியலைக்கூட எடுக்காதே, நீ ஓசியில் செய்தால் இன்னொருத்தன் வீட்டில் அடுப்பு எரியாது. வேலை என்றால் கூலி. கூலி இல்லையென்றால் அது வேறு ஏதோ. ரவோனாவுக்கு அந்தக் கட்டத்தில் இருபத்து நாலு என்று எழுதுவது, மருத்துவமனைக்கு ஓசியில் உழைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருவதாகத் தெரிந்தது. அதனால்தான் காலியாக விட்டாள். பத்து வாரமும் யோசித்துத்தான் விட்டாள்.

"சரி," என்றாள் ரவோனா. "நீங்க என்னை அனுப்பற அந்த வேலை என்ன?"

க்ளென்னா ஒரு தாளைத் தேடி எடுத்தார். "கவுண்டியோட பழைய துணிக்கடை. வர்ற துணியை மடிச்சு அடுக்கணும். சைஸ் பாத்துப் பிரிக்கணும்."

"அதுக்கு என்ன சம்பளம்?"

"சம்பளம் கிடையாது. உதவித்தொகை வருதில்ல, அதுதான்."

"அப்ப அது மட்டும் எப்படி வேலையாச்சு?"

க்ளென்னா அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வைத்தார். "நான் இந்தச் சீட்டுல உக்காந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். பிறகு விசாரணை கேட்கும் ஃபாரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "கொடுத்த தாளை என்னால மாத்த முடியாது. விசாரணை அதிகாரியால முடியும். மாநிலத் தலைநகர்லருந்து வருவாரு. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு, நல்லா கேட்டுக்க. நீ அங்க சும்மா நின்னு வேடிக்கை பார்த்தேன்னு தெரிஞ்சா அது வேலையில்ல. சம்பளத்துக்கு ஆள் போட வேண்டிய இடத்துல உன்னை ஓசியில வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சாலும் சேராது. அது சட்டத்துக்கே விரோதம். ரெண்டும் இல்லன்னு காட்டணும். நாள், மணி எல்லாம் எழுத்துல இருக்கணும்."

வெளியே வந்ததும் ரவோனா வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தாமல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாவது சொன்னாங்களே, அதுதான்டீ எனக்கு உறுத்துது. நான் போகலன்னா அந்த இருபத்து நாலு மணி நேரத்துக்கு வேற ஒருத்தருக்குச் சம்பளம் குடுத்திருப்பாங்களோ?"

"இப்ப அது உன் கவலையா?"

"அப்படித்தான்னா நான் இன்னிக்கே நிறுத்திருவேன், ட்ரெஸ்ஸா. துணி மடிக்கப் போறேன்."

அவள் செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினேழு நாளில் என்னைப் பயமுறுத்தியது கடிதம் அல்ல, அதுதான்.

மருத்துவமனையில் எங்களுக்கு மேலே இருந்தவர் வெர்ல் கிப்சன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மூன்று வார்த்தையில் முடிகிறதை நான்கு வார்த்தையில் சொல்ல மாட்டார். தாமதமாக வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். நாங்கள் உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம், யாருக்கு என்ன சிகிச்சை கொடுத்தோம், அதில் என்ன தப்பு செய்தோம் எல்லாவற்றையும் எறும்பு எழுத்தில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டைப் பற்றி நாங்கள் பின்னால் எவ்வளவு கேலி பேசியிருப்போம்.

ரவோனா அவரிடம் போய் நின்றாள். நலத்துறை என்று சொன்னதும் அவளுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. வாராவாரம் தாளில் கையெழுத்தைக் கல்லூரியில்தான் வாங்குவாள்; மருத்துவமனையில் யாருக்கும் அவள் உதவித்தொகை வாங்குவது தெரியாது. அவர் கையில் இருந்த ஆக்சிஜன் குழாயைச் சுற்றி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டார்.

"என்னிக்கு?"

"டிசம்பர் பதினொண்ணு. வியாழக்கிழமை. நீங்க வர வேண்டியதில்ல, மிஸ்டர் வெர்ல். ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாப் போதும்."

"எனக்குக் கடிதம் எழுத வராது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வருவாரா மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. விசாரணை கேட்டதால் முடிவு வரும்வரை எதுவும் நிற்காது என்று க்ளென்னா சொல்லியிருந்தார். அதனால் நவம்பர் கடைசி தாண்டியும் ஷெல்பி தூக்கத்திலேயே பராமரிப்பு வீட்டுக்குப் போனாள். ஆனால் ரவோனா காரில் பாடம் படிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நான் கேட்டதற்கு, "முடிக்கப் போறமான்னே தெரியாதத எதுக்கு மனசுல ஏத்தறது" என்றாள். நன்றி நவிலும் நாளன்று என் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்து, கோழி டம்ப்ளிங் செய்து, ஒரு கரண்டிகூடச் சாப்பிடாமல் பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள்.

டிசம்பர் பதினொன்று. அலுவலகத்தின் பின்னறையில் ஒரு நீள மேஜை. விசாரணை அதிகாரியின் பெயர் ஆம்ப்ரோஸ். அறுபது வயதுக்காரர், பனியில் மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். மேல்கோட்டைக் கழற்றவே இல்லை. ஒரு டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்தார். க்ளென்னா அலுவலகத்தின் சார்பில் ஒரு பக்கம். ரவோனா மறுபக்கம். துணைக்கு ஆள் வரலாம் என்பதால் நான் சுவரோரம். வெர்ல் வரவில்லை.

ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. வெர்ல் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை கோட்டில் வந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"பாலத்துல பனி" என்றார். அவர் வாயிலிருந்து தாமதத்துக்குக் காரணம் வந்த ஒரே நாள் அதுதான்.

ஆம்ப்ரோஸ் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"இவங்க உங்ககிட்ட வெறுமனே பார்த்துக் கத்துக்கிறாங்களா, செய்யறாங்களா?"

"செய்யறா."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்துல."

"எப்பவுமா?"

"லைசென்ஸ் என்னோடது. வேற எங்க இருப்பேன்?"

"அப்ப இதைக் கேட்டாகணும். இவங்க இல்லன்னா இந்த வேலைக்கு ஆஸ்பத்திரி இன்னொரு ஆள் எடுத்திருக்குமா? இவங்க வந்ததால உங்களுக்கு வேலை மிச்சமா?"

ரவோனா வண்டியில் என்னிடம் கேட்ட அதே கேள்வி.

வெர்லின் முகத்தில் எரிச்சல் வந்தது.

"மிச்சமா? ஐயா, போன மூணு மாசமா நான் ஒரு நாளும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகல. இந்தப் பொண்ணு ஒரு மாஸ்க் மாட்டறதுக்குள்ள நான் மூணு பேரை முடிச்சிருவேன். மாட்டுவா, கழட்டுவா, மறுபடி மாட்டுவா. லூசா இருக்குன்னு சொல்லுவா. பேஷன்ட்டே சரியா இருக்கும்மான்னு சொன்னாலும் விட மாட்டா. இவளுக்கு இது வேலை. எனக்கு ரெட்டை வேலை. அந்த நோட்டுல பாருங்க, நான் வீட்டுக்குப் போன நேரமும் இருக்கு."

க்ளென்னா சிரிப்பை அடக்க முடியாமல் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். அவ்வளவு நீளமாக வெர்ல் பேசியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ரவோனா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு வாரமாக அவள் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அவமானப்பட்டு இப்படி நிம்மதியானவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"மிஸ் ஸ்டிதம்," என்றார் ஆம்ப்ரோஸ். "பத்து வாரம் இந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"எங்கப்பா யூனியன்காரர். சம்பளமில்லாம செய்யறத வேலைன்னு எழுதினா, வேலைக்குச் சம்பளம் தேவையில்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு நினைச்சேன். செத்தவர்தான். ஆனாலும் அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"இப்ப?"

"இப்ப கேட்டதுல, யாரோட கூலியையும் நான் பிடுங்கலன்னு தெரியுது. மிஸ்டர் வெர்லோட நேரத்தைத்தான் பிடுங்கியிருக்கேன். அப்படின்னா எழுதலாம். ஆனா கீழ சம்பளமில்லைன்னும் எழுதிக்க விடணும்."

ஆம்ப்ரோஸ் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கீழ இடம் இருக்கு. நீங்க எது வேணா எழுதலாம்" என்றார். பிறகு க்ளென்னாவிடம், அலுவலகம் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"தாள்ல இருந்தத வச்சு நாங்க கடிதம் அனுப்பினோம்" என்றார் க்ளென்னா. "தாள் தப்புன்னா எங்களுக்கு ஆட்சேபம் இல்ல. பதிவுக்காகச் சொல்றேன், நிஜமாவே இல்ல."

முடிவு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ரவோனா தினமும் ஒரு தடவை தபால் நிலையத்துக்குப் போனாள். விடுமுறை நாளிலும் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்ததாக டஸ்டி என்னிடம் சொன்னான். கல்லூரி ஜனவரி பன்னிரண்டில் திறக்க இருந்தது. எட்டாம் தேதி மதியம் அவள் தபால் நிலையத்திலிருந்து எனக்கு ஃபோன் செய்தாள்.

"வந்திருச்சு."

"என்ன போட்டிருக்கு?"

"பிரிக்கல. நீ வா."

நான் போனபோது தபால் நிலையத்துப் பெண்மணி ஏற்கெனவே அடுக்கிய கட்டுகளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். ரவோனா கவரை என்னிடம் நீட்டினாள். நான் பிரித்தேன். முதல் இரண்டு பக்கமும் சட்டத்தின் எண்கள். மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தது. மருத்துவமனைப் பயிற்சி வாரத்துக்கு இருபத்து நாலு மணி நேரம், வேலையாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. வகுப்பு ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் சேர்க்கப்படுகிறது. மொத்தம் முப்பத்து மூன்று. அலுவலகத்தின் கடிதம் ரத்து. உதவித்தொகையும் பராமரிப்புச் செலவும் படிப்பு முடியும் வரை தொடரும்.

சத்தமாகப் படித்தேன்.

"இன்னொரு தடவை படி" என்றாள்.

படித்தேன்.

"முடியும் வரைன்னா மே மாசமா?"

"மே மாசம்தான்டீ."

அவள் கவுண்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். தபால்காரப் பெண்மணி, தான் எதையும் கேட்காததுபோல், ஒரு நாற்காலியைத் தள்ளி விட்டார். ரவோனா உட்காரவில்லை. "பராமரிப்பு வீட்டுக்குச் சொல்லணும். திங்கக்கிழமைலருந்து இடத்தை வேற யாருக்காவது குடுத்திருவாங்க" என்று வெளியே ஓடினாள். ஃபோன் அங்கேயே இருந்தது. நாற்பது அடி தூரத்தில் வீடு இருப்பதுபோல் அவள் ஓடியதைப் பார்த்து அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வீடு இரண்டு மைல் தள்ளி இருந்தது. நான் காரில் போய் வழியில் ஏற்றிக்கொண்டேன்.

திரும்பி என் வீட்டுக்கு வந்தோம். பத்துத் தாள்களையும் புதிதாக எழுதி, வெர்லிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. அப்போதே எழுதிவிடுகிறேன் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். முதல் தாளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மற்ற ஒன்பதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் "சம்பளம் இல்லை" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

நான் பீன்ஸை அடுப்பில் வைத்தேன். சோள ரொட்டிக்கு மாவு கலக்கினேன். பள்ளிப் பேருந்து பிள்ளைகளை என் வாசலில் இறக்கிவிட்டது. அவர்கள் உள்ளே வந்தபோது ரவோனா முன்னறை சோபாவில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கியிருந்தாள். மணி நான்குகூட ஆகவில்லை. ஜன்னல் வழியாக வெயில் அவள் முழங்கால் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஷெல்பி கிட்டே போய்ப் பார்த்தாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல கண்ணு. தூங்கறா."

"பகல்லயா?"

"ஆமா. பகல்லதான்."

அவள் அம்மா பகலில் தூங்கி அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லை. நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்தாள். நான் ரவோனாவின் பூட்ஸைக் கழற்றினேன். அவள் அசையவில்லை. பிறகு, படிப்பு பழக்கிவிட்டதால், கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. ஆழமாக, ஒரே சீராக. "நல்லா இருக்கா" என்று ஷெல்பியிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்து, அம்மாவின் காலடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.